கப்பலேறிப் போன நீதி

தீவாந்தர சிட்சை என்ற சொல் தமிழ் ஜனங்களுக்குப் புதிதல்ல. 1802-ஆம் வருஷத்தில், தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் யுத்தம் முடிந்த பிறகு, 73 பேர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1858-க்குப் பிறகு அந்தமான் என்ற பெயரைக் கேட்டாலே தாய்மார்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டார்கள். ஆயினும், கடல் கடத்தும் இந்தத் தண்டனையை இங்கிலீஷ்காரர் நமக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தம் சொந்த தேசத்து ஏழைகள்மீது வெகுகாலம் பிரயோகித்துப் பழகிய பிறகே அதை நம்மிடம் கொண்டுவந்தார்கள். முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1776-இல் அமெரிக்கர் சுதந்தரப் பிரகடனம் செய்து அந்தக் கதவு அடைபட்டதும், உலகத்தின் மறுகோடியிலிருந்த நியூ ஸவுத் வேல்ஸ் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் கைதிக் குடியேற்றத்தின் சரித்திரத்தில் 1792-ஆம் வருஷம் ஒன்றை மட்டும் இன்று நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம். அவ்வருஷத்தில் அங்கே பெரிய யுத்தம் எதுவும் நடக்கவில்லை. குடியேற்றத்துக்கு நீதி ஸ்தலங்களை வகுத்துக் கொடுத்த 1787-ஆம் வருஷத்து ராஜ சாஸனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரு மனிதர் கப்பலேறி ஊருக்குப் போனார். மற்றொருவர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாறுதலோடு குடியேற்றத்தின் வாழ்வே தலைகீழாயிற்று. இது எப்படி நேர்ந்தது என்று விசாரிப்பது, அரசியலில் சிரத்தையுள்ள எவருக்கும் பயன் தரும் என்பது நம் அபிப்பிராயம்.

பிலிப் துரையின் ஆட்சி

1788 ஜனவரி 26-ந் தேதி, 11 கப்பல்களில் வந்த முதல் கூட்டம் ஸிட்னித் துறையில் இறங்கிற்று. அதில் கைதிகள் மட்டும் எழுநூறு பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் துணி, உணவு, சில ஷில்லிங் பெறும் சாமான் இவற்றைத் திருடியதற்காக ஏழு வருஷ தண்டனை பெற்றவர்கள். அவர்களுக்குக் கவர்னராக வந்தவர் ஆர்தர் பிலிப் என்ற கடற்படைக் காப்டன்.

அவருக்கு இருந்த அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. சட்டசபை இல்லை, ஜூரி இல்லை. கிரிமினல் கோர்ட்டில் ஒரு ஜட்ஜ் அட்வகேட்டும், ராணுவ அல்லது கடற்படை அதிகாரிகள் அறுவரும் உட்கார்ந்து உயிர்த் தண்டனை வரையில் விதிக்கலாம். அந்த ஜட்ஜ் அட்வகேட்டாக இருந்த டேவிட் காலின்ஸ் சட்டம் படித்தவர் அல்லர். அவரும் கடற்படைச் சிப்பாய்களின் காப்டனே. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது. இப்படிப்பட்ட நியாயஸ்தலத்தில் ஓர் ஏழைக் கைதிக்கு என்ன நியாயம் கிடைத்துவிடப் போகிறது என்றுதான் யாரும் கேட்பார்கள்.

ஆனால் நடந்த விஷயம் வேறு. 1788 ஜூலை மாதத்தில், ஹென்றி கேபிள், ஸுஸன்னா என்ற கைதித் தம்பதிகள், "அலெக்ஸாண்டர்" கப்பலின் காப்டன் டங்கன் ஸின்க்ளேர்மீது ஸிவில் கோர்ட்டில் வியாஜ்யம் தொடுத்தார்கள். இங்கிலாந்தில் தர்மவான்கள் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்த இவர்களுடைய மூட்டை கப்பலில் காணாமற் போயிற்று என்பது வழக்கு. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது தீவாந்தரமாகக் குறைக்கப்பட்ட கைதிக்கு, இங்கிலீஷ் சட்டப்படி கோர்ட்டில் வழக்காடும் பாத்தியதையே கிடையாது. ஆயினும் கோர்ட்டார் அந்தத் தடையைப் பாராட்டாமல் விசாரித்து, காப்டன் 15 பவுன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தக் கரையில் நடந்த முதல் ஸிவில் வழக்கில் ஜயித்தவர்கள் கைதிகள். தோற்றவர் கப்பல் காப்டன்!

அடுத்த வருஷம், ஸர்க்கார் களஞ்சியத்தில் கள்ளச் சாவி போட்டுத் திருடிய குற்றத்துக்காகச் சிப்பாய்கள் அறுவர் தூக்கிலிடப்பட்டார்கள். தண்டனை கொடியதுதான், இக்காலத்தில் அதை நியாயமென்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் உணவைத் திருடிய கைதிகளைத் தூக்கிலிட்ட அதே கயிறு, துப்பாக்கி தூக்கியவனுடைய கழுத்துக்கும் விதிவிலக்கு அளிக்கவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

1790-இல் பஞ்சம் வந்தது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரத்துக்கு ஓர் ஆளுக்கு இரண்டு ராத்தல் பன்றி இறைச்சி, இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் அரிசி என்று படி குறைக்கப்பட்டது. அந்தப் படி கைதிக்கும், சிப்பாய்க்கும், கவர்னருக்கும் ஒன்றே. பிலிப் தமக்கென்று வைத்திருந்த மாவையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டார். கவர்னர் மாளிகை விருந்துக்குப் போகிறவர்கள் தம் ரொட்டியைத் தாமே சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போனார்கள். பஞ்ச காலங்களில் துரைமாரின் விருந்து மேஜைகள் எப்படி இருந்தன என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கும் நமக்கு, இந்தச் செய்தி ஆச்சரியமாகவே இருக்கிறது.

வருஷத்தின் நடை

இனி 1792-க்கு வருவோம். முன் வருஷக் கடைசியிலேயே பழைய கடற்படைச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக, இந்தக் குடியேற்றத்துக்கென்றே திரட்டப்பட்ட நியூ ஸவுத் வேல்ஸ் பட்டாளம் காவலை ஏற்றுக்கொண்டது. 1792 பிப்ரவரி 14-ந் தேதி அதன் தலைவர் மேஜர் பிரான்ஸிஸ் க்ரோஸ் வந்து சேர்ந்தார். அவரே உதவிக் கவர்னர்.

அவ்வருஷம் முழுவதும் கைதிகளின் மரணம் ஓயவில்லை. நானூறு பேருக்கு மேல் மண்ணுக்கு இரையானார்கள். அவர்களில் பலர், முந்தின வருஷக் கப்பல்களில் நடைப்பிணமாக வந்து இறங்கியவர்கள். இந்தக் கப்பல் ஏற்பாட்டின் லட்சணம் 1790-இலேயே தெரிந்திருந்தது. அவ்வருஷம் வந்த இரண்டாம் கூட்டத்தை ஏற்றிவந்த கண்டிராக்டர்கள் அடிமை வியாபாரத்தில் கைதேர்ந்தவர்கள். தலைக்கு 17 பவுனுக்கு மேல் கூலி. அதுவும் உயிரோடு இறக்கிய தலைக்கு அன்று, ஏற்றிய தலைக்கு! கைதி வழியில் செத்தால் அவனுடைய உணவு மிச்சம். புறப்பட்ட சுமார் ஆயிரம் பேரில் நாலில் ஒரு பங்கு வழியிலேயே மாண்டதில் என்ன ஆச்சரியம்? லாபத்தை மரணத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஜூன் மாதத்தில் "அட்லாண்டிக்" என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும், ஸுஜியும், பருப்பும் ஏற்றிக்கொண்டு ஸிட்னிக்கு வந்தது. இங்கிலாந்து மறந்துபோன பிள்ளைகளின் பசிக்கு இந்தியக் குடியானவன் விளைவித்த தானியம் உதவிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் பிலிப் ஒரு நல்ல காரியத்தைச் செய்து வந்தார். தண்டனைக் காலம் முடிந்த கைதிக்கு முப்பது ஏக்கர் நிலம். மணமானவனுக்கு மேலும் இருபது. குழந்தை ஒன்றுக்குப் பத்து. ஜேம்ஸ் ரூஸ் என்பவர் கார்ன்வால் ஜில்லாவிலிருந்து வந்த கைதி. பரமட்டாவில் காடு வெட்டி, சாம்பலை மண்ணோடு கலந்து, கோதுமை விதைத்து, ஸர்க்கார் களஞ்சியத்தை எதிர்பாராமல் பிழைக்க முடியும் என்று காட்டினார். அந்தக் குடியேற்றத்தின் முதல் நிலப் பட்டா அவருக்கே கிடைத்தது.

ஆனால் இலையுதிர்வதற்கு முன் காற்றின் திசை மாறுவது போல, அக்டோபரிலேயே மாறுதலின் குறி தெரிந்தது. பட்டாளத்து அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்து, "பிரிட்டானியா" என்ற கப்பலை வாடகைக்குப் பிடித்து, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சரக்கு வாங்க அனுப்பினார்கள். காவல் காக்க வந்தவர் கடை வைக்கத் தொடங்கினார்! பிலிப்புக்கு இது பிடிக்கவில்லை, ஆயினும் தடுக்கவுமில்லை. நவம்பரில் "பிலடெல்பியா" என்ற அமெரிக்க வியாபாரக் கப்பல் வந்து சரக்கு விற்றது. டிஸம்பர் 11-ந் தேதி, நோயால் நலிந்திருந்த பிலிப், அதே "அட்லாண்டிக்" கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

அவர் போய் இரண்டு வாரம் ஆகவில்லை. டிஸம்பர் 24-ந் தேதி "ஹோப்" என்ற இன்னோர் அமெரிக்கக் கப்பல் வந்தது. உணவுச் சாமான் வேண்டுமானால் கப்பலிலுள்ள சாராயம் முழுவதையும் சேர்த்தே வாங்கவேண்டும் என்றான் காப்டன். க்ரோஸ் வாங்கினார், சுமார் 7,500 காலன். அந்தக் காலன்கள் பல ஏழைக் குடியானவர்களுக்குக் காலனாகவே வந்து சேர்ந்தன.

தராசும் துப்பாக்கியும் சாராயமும்

க்ரோஸ் செய்த மாறுதல்கள் மூன்று. முதலாவது, மாஜிஸ்ட்ரேட்டுகளின் கையிலிருந்த அதிகாரம் பட்டாளத்து அதிகாரிகளிடம் போயிற்று. பரமட்டாவில் காப்டன் போவோ என்பவர் வைத்ததே சட்டம். இரண்டாவது, ஒரே படி என்ற விதி ஒழிந்தது. சிப்பாயின் தட்டு வேறு, கைதியின் தட்டு வேறு. மூன்றாவது, லண்டனின் அனுமதியோடு அதிகாரிகளுக்கு நிலம் கிடைத்தது. தலைக்கு நூறு ஏக்கர். அதில் உழைக்கப் பத்துக் கைதிகள். அந்தக் கைதிகளுக்கு ஸர்க்கார் களஞ்சியத்துச் சோறு. ஜான் மெக்கார்தர் என்ற லெப்டினெண்டு 1793 பிப்ரவரியில் பரமட்டாவில் நூறு ஏக்கர் பெற்றார். அதே மாதத்தில் அவரே பொது வேலைகளின் இன்ஸ்பெக்டராகவும் ஆனார். கைதிகளின் உழைப்பைப் பங்கிடுகிற அதிகாரம் அவர் கையில். அந்த உழைப்பு வேண்டிய நிலமும் அவர் கையில். பட்டாளத்தின் சம்பளப் பெட்டியும் அவர் கையில்.

இந்தச் சம்பளப் பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடியேற்றத்தில் நாணயப் பழக்கம் மிகக் குறைவு. வெளியூர்க் கப்பல் காப்டனோ, லண்டனில் மாற்றக்கூடிய உண்டியல் கொடுத்தால்தான் சரக்கு தருவான். அந்த உண்டியல் எழுதும் வசதி பட்டாளத்து அதிகாரிகளுக்கு இருந்தது; முப்பது ஏக்கர்க் குடியானவனுக்கு இல்லை. ஆகவே கப்பல் வந்ததும் அதிகாரிகள் சரக்கை மொத்தமாக வாங்குவார்கள். பிறகு தாம் வைத்ததே விலை. கூலிக்குப் பணத்துக்குப் பதில் சாராயம். தானியத்துக்கு விலையும் சாராயம். நாள் முழுவதும் கோடரி பிடித்தவன் சாயங்காலம் சாராயப் புட்டியோடு வீடு திரும்பினான். கடன் ஏறிற்று, நிலம் கை மாறிற்று. முதல் பட்டா பெற்ற ஜேம்ஸ் ரூஸே 1793 அக்டோபரில் தம் நிலத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் யார்? பட்டாளத்து வைத்தியர் ஜான் ஹாரிஸ்!

ரூஸ் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு விற்றார் என்பது சரித்திரம். எல்லாப் பழியையும் சாராயத்தின் மேல் போடுவது நம் நோக்கமல்ல. க்ரோஸுக்காகச் சொல்லக்கூடியதையும் மறைக்கலாகாது. அவர் காலத்தில் சாகுபடி நிலம் பெருகிற்று. தனியார் பண்ணைகளில் விளைவு அதிகப்பட்டது. தனக்கென்று உழைப்பவன் ஸர்க்கார் பண்ணையில் உழைப்பவனைவிட நன்றாக உழைப்பான் என்பது உண்மைதான். ஆனால் பத்து மனிதரின் இலவச உழைப்பையும், அவர்களுடைய சோற்றையும் ஸர்க்காரிடமிருந்து பெற்றுக்கொண்டு, "நான் திறமையால் விளைவித்தேன்" என்று மார் தட்டுவது என்ன நியாயம்?

அந்தக் குடியானவனின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். கடையில் விலை அநியாயம் என்று முறையிட வேண்டுமானால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகவேண்டும். அந்த மாஜிஸ்ட்ரேட் கடைக்காரனின் கூட்டாளி. அவனுக்கு மேல் அப்பீல் செய்ய வேண்டுமானால் கவர்னர் ஸ்தானத்தில் இருப்பவரிடம் போகவேண்டும். அவரோ கடைக்காரனின் பட்டாளத் தலைவர். கோபம் கொண்டு தெருவில் கூவினால், துப்பாக்கியோடு வருபவன் கடைக்காரனின் சிப்பாய். தராசும் துப்பாக்கியும் ஒரே கையில் சேர்ந்த பிறகு, வேலியே பயிரை மேய்வதைத் தவிர வேறென்ன நடக்கும்?

சாஸனத்தில் இல்லாத நீதி

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். க்ரோஸ் எந்தச் சட்டத்தையும் கிழித்தெறியவில்லை. அதே ராஜ சாஸனம், அதே சட்டம், அதே கோர்ட்டு. பிலிப்பின் காலத்தில் கைதிக்குச் சமமான சோறு கிடைத்தது என்றால், அது கைதியின் உரிமையாக எழுதப்பட்டிருந்ததாலா? இல்லை, பிலிப்பின் மனசில் அந்த நியாயம் இருந்தது. கேபிள் தம்பதிகளுக்குத் தீர்ப்புக் கிடைத்ததும் சட்டத்தின் பலத்தால் அன்று. சட்டத்தைக் கண்டும் காணாமல் விட்ட சிலருடைய நல்லெண்ணத்தால்தான். அந்த நீதி பிலிப் துரையோடு பெட்டி படுக்கைகளில் ஒன்றாக இருந்தது. அவர் கப்பலேறியபோது அதுவும் கப்பலேறிப் போய்விட்டது.

நல்ல துரை ஆண்டால் போதாதா, உரிமை எதற்கு என்று கேட்ட நல்ல மனிதர்கள் நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு 1792-ஆம் வருஷமே பதில்.

அந்த நல்ல துரையின் நியாயத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த மண்ணுக்கு உரியவர்கள் யார்? ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஸிட்னித் துறையைச் சுற்றி வாழ்ந்த ஆதிக்குடிகள். 1789-இல் வைசூரி வந்து அவர்களில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போயிற்று என்று பிலிப்பே மதிப்பிட்டார். அவர்களோடு ஸ்நேகம் செய்ய விரும்பிய அவர் கண்ட வழி, ஆட்களைப் பலாத்காரமாகப் பிடித்து வருவது! அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் பென்னலாங். 1790 டிஸம்பரில் பெமுல்வுய் என்ற வீரர் கவர்னரின் வேட்டைக்காரனை ஈட்டியால் குத்தியபோது, அந்தக் கூட்டத்தாரில் பத்துப் பேரைக் கொன்று தலைகளைக் கொண்டுவரும்படி முதலில் உத்தரவிட்டவரும் இதே பிலிப்தான். பின்னர் அது ஆறாகக் குறைந்தது. போன படை ஒருவரையும் பிடிக்க முடியாமல் திரும்பிற்று. கைதிக்கு விசாரணை உண்டு. மண்ணின் மைந்தனுக்கு அதுவும் இல்லை.

1792 டிஸம்பரில் பிலிப்போடு அதே கப்பலில் பென்னலாங்கும், யெமரவானி என்ற வாலிபரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். யெமரவானி 1794-இல் அந்நிய மண்ணிலேயே மாண்டார். பென்னலாங் 1795-இல் திரும்பியபோது, அவருடைய ஜனங்களின் நிலத்தில் வேலிகள் இன்னும் வெகுதூரம் போயிருந்தன.

பின்னர் நடந்தவை

அதிகாரிகளின் சாராய ராஜ்யத்தை அடக்க அடுத்தடுத்து வந்த கவர்னர்கள் முயன்றார்கள், முடியவில்லை. 1808 ஜனவரி 26-ந் தேதி, குடியேற்றம் தொடங்கிய இருபதாவது ஆண்டு நிறைவு நாளன்றே, அந்தப் பட்டாளம் கவர்னர் பிளையைச் சிறைப்படுத்தி ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1792-இல் விதைத்ததை 1808-இல் அறுத்தார்கள். பட்டாளத்தைத் திருப்பி அழைத்தார்கள்; அதன் தலைவர் ஜான்ஸ்டன் 1811-இல் ராணுவ விசாரணையில் பதவி இழந்தார். ஆனால் அவர் சிறை செல்லவில்லை. ஸிட்னிக்குத் திரும்பித் தம் பண்ணையில் வாழ்ந்தார். மெக்கார்தரோ சில வருஷங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டு 1817-இல் திரும்பி, ஆட்டு ரோம வியாபாரத்தில் கீர்த்தி பெற்றார். பிற்காலத்து ஆஸ்திரேலியாவின் இரண்டு டாலர் நோட்டில் அவர் முகம் அச்சிடப்பட்டது. மாவு திருடியவனுக்குத் தூக்குக் கயிறு. கவர்னரைக் கவிழ்த்தவருக்கு நோட்டில் படம்!

நியூ ஸவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840-இல் நின்றது. 1856-இல் அங்கே பொறுப்பாட்சி ஏற்பட்டது. அதுமுதல் ஒரு கவர்னர் கப்பலேறினால் குடிகளின் சோறும் நியாயமும் அவரோடு கப்பலேறவில்லை. குடிகளின் கையில் வாக்குரிமை இருந்தது. ஆனால் ஆதிக்குடிகளுக்கு அந்த நாள் வர வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கண்டம் உரியவர் இல்லாத நிலம் என்ற சட்டப் பொய்யை, டாரஸ் ஜலசந்தித் தீவைச் சேர்ந்த எட்டி மாபோவும் அவருடைய ஜனங்களும் தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய ஹைகோர்ட் 1992 ஜூன் 3-ந் தேதி தள்ளிவிட்டது. பிலிப் கப்பலேறிய வருஷத்துக்குச் சரியாக இருநூறு வருஷங்கள் கழித்து! மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலஞ்சென்றார்.

நேயர்களே, ஆளுகிறவர் நல்லவராக இருந்தால் சந்தோஷப்படலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த நல்ல காலத்திலேயே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இவர் போனால் எது மிஞ்சும்? நியாயம் வழங்குகிறவர் வேறு, ஆயுதம் தாங்குகிறவர் வேறு, வியாபாரம் செய்கிறவர் வேறு என்ற வரம்பு எழுத்தில் இருக்கிறதா? அதைக் காக்கும் பலம் ஜனங்களிடம் இருக்கிறதா? நல்லவர் ஆளும்போது இவற்றைக் கேளாதவன், பொல்லாதவர் ஆளும்போது கேட்க வாயற்றுப் போவான். பரமட்டாவின் முப்பது ஏக்கர்க் குடியானவன் 1792 டிஸம்பர் 11-ந் தேதி பாய் விரித்துப் போன கப்பலைக் கரையில் நின்று பார்த்திருப்பான். தன்னுடைய நியாயமும் அதில்தான் போகிறது என்பதை அவன் அப்போது அறிந்திருக்கமாட்டான். நாம் அறிந்திருக்க வேண்டும்.